காசநோயாளரின் வீட்டுக்குச் செல்லும் உணவுப் பை யாருடைய பங்கு?

காசநோய்க்குச் சிகிச்சை பெறுவோர் சிலருக்கு மாத்திரைகளோடு தானியம், பருப்பு, எண்ணெய், பால்மாவு அல்லது நிலக்கடலை அடங்கிய பை ஒன்றும் வழங்கப்படுவதை வாசகர்கள் அறிந்திருப்பீர்கள். 2022 செப்டம்பர் முதல் ‘நிக்ஷய் மித்ரா’ என்னும் பெயரில் தனிமனிதர்களும் நிறுவனங்களும் தொண்டு அமைப்புகளும் நோயாளர்களைப் பொறுப்பேற்று இப்பைகளை அளித்து வருகின்றனர். தொடக்கத்தில் இது நோயாளருக்கு மட்டும் உரியதாக இருந்தது. 2024ஆம் ஆண்டில், அவரோடு ஒரே வீட்டில் வாழ்வோருக்கும் வழங்கலாம் என விரிவுபடுத்தப்பட்டது. இந்த விரிவு இரக்கத்தால் மட்டும் நேர்ந்ததன்று. அதற்கு மருத்துவக் காரணம் உண்டு. அக்காரணத்தை நோயாளரும் குடும்பத்தாரும் தெரிந்துகொள்வது நல்லது. ஏனெனில், பை வீட்டுக்கு வந்த அன்றே எழும் கேள்வி ‘இது யாருக்கு?’ என்பதுதான்.

காசநோய் உடலை உருக்கும் நோய். கிருமியோடு நிகழும் போராட்டத்தில் உடல் தன் தசையையே எரித்துக்கொள்கிறது, பசியும் மங்கிவிடுகிறது. மறுபுறம், உணவுக் குறைவால் மெலிந்த உடலில் எதிர்ப்பாற்றல் தளர்வதால், நுரையீரலில் பல்லாண்டுகள் உறங்கிக் கிடந்த கிருமி விழித்தெழுகிறது. நோய் மெலிவைத் தருகிறது. மெலிவு நோயைத் தருகிறது. இந்தச் சுழலின் முதற்பாதியை மாத்திரை அறுக்கும். இரண்டாம் பாதியை மாத்திரையால் அறுக்க இயலாது.

இங்கே ஒரு பழைய வரலாற்றைச் சொல்ல வேண்டும். அது நம் சென்னையில் நிகழ்ந்தது. காசநோய்க்கு ஓய்வும் நல்ல காற்றும் செறிவான உணவுமே மருந்து என்று கருதப்பட்ட காலத்தில், 1928இல் தாம்பரத்தில் சானடோரியம் தொடங்கப்பட்டது. அந்த இரயில் நிலையத்தின் பெயர் இன்றும் அதை நினைவூட்டுகிறது. பின்னர் மருந்துகள் வந்தன. 1956இல் சேத்துப்பட்டில் அமைந்த காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம், நோயாளர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்திலும் மற்றொரு பிரிவினருக்கு அவர்களுடைய வீட்டிலும் ஓராண்டுக் காலம் ஒரே மருந்தை அளித்தது. சானடோரியத்தில் இருந்தோர் நன்கு உண்டனர். எடையும் கூடுதலாகப் பெற்றனர். வீட்டில் இருந்தோர் ஏழ்மையும் நெருக்கடியும் நிறைந்த சூழலில் எளிய உணவையே உண்டனர். ஆயினும் சளியிலிருந்து கிருமி நீங்குவதில் இரு பிரிவினருக்கும் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. 1959இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையை மருத்துவமனைக் கட்டிலிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது.

இவ்வாய்வைப் பற்றி எனக்குள்ள மதிப்பு மிகப் பெரிது. ஆனால் அதிலிருந்து ‘உணவு முக்கியமில்லை’ என்னும் பாடத்தைப் பலர் படித்துக்கொண்டது தவறு என்றே கருதுகிறேன். மருந்தை ஒழுங்காக உட்கொண்டால் கிருமி நீங்குமா என்பதே அவ்வாய்வு எழுப்பிய கேள்வி. மிக மெலிந்த நோயாளர் உயிர் பிழைப்பாரா, உடன் வாழ்வோர் உணவுக் குறைவால் நோயுறுவார்களா என்பன வேறு கேள்விகள்.

அவற்றுக்கான விடை ஜார்க்கண்ட் மாநிலத்தில் 2019 முதல் 2022 வரை நடைபெற்ற ஆய்வொன்றிலிருந்து கிடைத்தது. முடிவுகள் 2023 ஆகஸ்டில் வெளியாயின. 2,800 நோயாளர்களும், அவர்களோடு வாழ்ந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரும் அதில் இடம்பெற்றனர். நோயாளர் அனைவருக்கும் மாதந்தோறும் அரிசி, பொட்டுக்கடலை மாவு, பால்மாவு, எண்ணெய் எனப் பத்துக் கிலோ அளவில் உணவுப் பொருட்களும் சத்து மாத்திரைகளும் தரப்பட்டன. வேறுபாடு வீட்டாரிடத்தில்தான் செய்யப்பட்டது. ஒரு பிரிவில் உடன் வாழ்வோருக்கும் ஆளுக்கு 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் மாதந்தோறும் கிடைத்தன; மறு பிரிவில் வீட்டாருக்குத் தனியே ஏதும் இல்லை. உணவு பெற்ற வீடுகளில் புதிதாகக் காசநோய் தோன்றுவது 39 விழுக்காடு குறைந்தது. பிறருக்குப் பரவக்கூடிய, பரிசோதனையில் உறுதியான நுரையீரல் காசநோய் 48 விழுக்காடு குறைந்தது. அரிசியும் பருப்பும் ஒரு தடுப்பு மருந்தைப் போல வேலை செய்தன என்றே கூறலாம்.

நோயாளர்களைப் பொறுத்தவரை, முதல் இரண்டு மாதத்தில் எடை 5 விழுக்காடு கூடியவர்களிடம் இறப்பு அபாயம் 61 விழுக்காடு குறைவாக இருந்தது. மருந்து நன்கு வேலை செய்தவர்களுக்கு எடை எளிதாகக் கூடியிருக்கலாம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். எனினும், 40 கிலோ எடையுள்ளவருக்கு ஐந்து விழுக்காடு என்பது இரண்டே கிலோ. எட்ட முடியாத இலக்கன்று.

இனி நம் வீடுகளுக்கு வருவோம். தமிழ்நாட்டில் நியாய விலைக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் தரப்படுகின்றன. பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவும் முட்டையும் உண்டு. எனவே இங்கே பெரும்பாலும் குறைவது சோறன்று. தட்டில் சோற்றுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய பருப்பும் முட்டையும் பாலுமே. அவை குறையும்போது முதலில் விட்டுக்கொடுப்பவர் பெரும்பாலும் வீட்டுத் தாய், அடுத்து முதியவர். நோயாளரே அத்தாயாக இருந்தால், தம் பெயருக்கு வந்த பால்மாவைப் பிள்ளைகளுக்குக் கரைத்துக் கொடுத்துவிட்டு, மறுமுறை எடை பார்க்க வரும்போது முள் நகராமல் நிற்பார். அவரைக் கடிந்து பயனில்லை. ஒருவருக்கு அளந்த பை ஐவர் வாழும் வீட்டுக்குள் போனால் ஐந்தாகத்தான் பிரியும். நோயாளருக்கும் வீட்டாருக்கும் தனித்தனியே அளந்து கொடுப்பதே இதற்குத் தீர்வு.

ஆனால் கொடையாளர் முன்வரும் அளவுக்கே பைகள் கிடைக்கும். ஆதலால் குடும்பத்தார் சிலவற்றைக் கேட்டுப் பெற வேண்டும். பை பெறுவதற்கு நோயாளரின் ஒப்புதல் தேவை. நோயை அக்கம்பக்கத்தார் அறிந்துவிடுவர் என்னும் அச்சத்தால் பதிவின்போது மறுத்தவர்கள், பின்னரும் ஒப்புதல் தரலாம். காசநோய்ப் பிரிவின் சுகாதாரப் பார்வையாளரிடம் சொன்னால் போதும். இதனின்று வேறாக, அரசின் ஊட்டச்சத்து உதவித்தொகை நோயாளரின் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். 2018 ஏப்ரலில் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கிய இத்தொகை, 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டுள்ளது. வரவில்லையெனில் வங்கிப் புத்தகத்தோடு வந்து கேளுங்கள்.

வீட்டில் உண்ணும் முறை பற்றியும் ஒரு சொல். காசநோய் தட்டாலும் டம்ளராலும் பரவுவதில்லை. இருமும்போது காற்றின் வழியே பரவுகிறது. ஆகவே முதல் சில வாரங்கள் முகக்கவசமும் திறந்த சன்னலும் தேவை. தனித் தட்டு தேவையில்லை. மூலையில் தனியே அமர்த்தி உணவு வைத்தால் எஞ்சிய பசியும் போய்விடும். முட்டையும் தயிரும் சளியைக் கூட்டும் என்று பத்தியம் வைப்பது பயனற்றது. மருந்து தொடங்கிச் சில வாரங்களில் பசி திரும்பும். அதுவரை சிறிது சிறிதாக ஐந்தாறு வேளை கொடுங்கள். நீரிழிவும் உள்ளவர்கள் அஞ்சி உணவைக் குறைக்க வேண்டா. சோற்றின் அளவை மருத்துவரிடம் கேட்டறிந்து, சுண்டல், முட்டை, மீன், நிலக்கடலை ஆகியவற்றைக் கூட்டுங்கள். சர்க்கரை அளவை மருந்தால் கட்டுப்படுத்துவது எங்கள் பொறுப்பு.

வீட்டாருக்குப் பை கிடைத்தாலும், அவர்கள் பரிசோதனை செய்துகொள்வதும், நோயில்லை என்று உறுதியானபின் மருத்துவர் தரும் தடுப்பு மாத்திரைகளை உட்கொள்வதும் கட்டாயம் தேவை. உணவு அதற்கு மாற்றன்று.

மிகவும் மெலிந்தவர்களின் நிலை வேறு. 160 செ.மீ. உயரமுள்ள ஒருவர் 36 கிலோவுக்கும் குறைவாக இருந்தால், அவருக்கு வீட்டில் திடீரென நிறைய உணவூட்டுவது ஆபத்து. இரத்தத்தில் உப்புச் சத்துகள் சட்டெனக் குறைந்து இதயம் தடுமாறக்கூடும். 2022இல் தொடங்கிய தமிழ்நாட்டின் காசநோய் இறப்பில்லாத் திட்டம் இத்தகையோரைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து, உள்நோயாளராகச் சேர்க்க வழி செய்கிறது. அவர்களுக்கு உணவை நாள்தோறும் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். பிறர் துணையின்றி எழுந்து நிற்க முடியாதவர், மூச்சு வாங்குபவர், காலில் வீக்கம் உள்ளவர், மாத்திரை தொடங்கியபின் கண் மஞ்சளாகி வாந்தி எடுப்பவர் ஆகியோரை அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திராமல் அன்றே அழைத்து வாருங்கள். மற்றவர்கள் ஒவ்வொரு வருகையிலும் எடை பார்த்துச் சிகிச்சை அட்டையில் குறிக்கச் சொல்லுங்கள். மாத்திரையின் எண்ணிக்கையும் அந்த எடையைக் கொண்டே முடிவு செய்யப்படுகிறது.