நகர வீடமைப்பும் வலயமாக்கலும்: கொழும்பு நகரம்

நகர நிலத்தை வதிவிடம், வர்த்தகம், கைத்தொழில், திறந்தவெளி எனப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் எத்தகைய கட்டடம் அமையலாம் என விதித்தல் வலயமாக்கல் எனப்படும். காணித்துண்டின் ஆகக்குறைந்த அளவு, கட்டடத்தின் உயரம், வீதியின் அகலம் என்பனவும் இத்தகைய விதிகளால் கட்டுப்படுத்தப்படுகின்றன.

முக்கிய சட்டங்கள்

1. 1915 – வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம்: கட்டடங்களையும் வீதிகளையும் ஒழுங்குபடுத்தியது.
2. 1973 – வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம்: ஒருவர் வைத்திருக்கக்கூடிய வீடுகளின் எண்ணிக்கையை மட்டுப்படுத்தியது.
3. 1978 – நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் (இல. 41): நகரத் திட்டமிடல் அதிகாரத்தை இச்சபைக்கு வழங்கியது.

விதியும் வாழ்க்கையும்

1986 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் வதிவிடக் காணித்துண்டு ஒன்று ஆகக்குறைந்தது 150 சதுர மீற்றர், அதாவது ஏறத்தாழ 6 பேர்ச் இருக்க வேண்டும் என்றன. காற்றும் வெளிச்சமும் கிடைக்கச் செய்வதே இத்தகைய விதிகளின் நோக்கமாகும். ஆயினும் கொழும்பில் ‘வத்த’ எனப்படும் தோட்டங்களில் ஓரிரு பேர்ச் நிலத்தில் வாழ்ந்த குடும்பங்களால் இவ்வளவைப் பூர்த்திசெய்ய முடியாது. கட்டட அனுமதி இல்லாதவிடத்து உறுதிப்பத்திரமும் வங்கிக் கடனும் பெறுவது கடினம்.

1984 இல் ஆரம்பமான பத்து இலட்சம் வீட்டுத் திட்டத்தில் இதற்கு வழி காணப்பட்டது. இத்தகைய குடியிருப்புகள் விசேட செயற்திட்டப் பிரதேசங்களாகக் கருதப்பட்டு, 50 சதுர மீற்றர் (2 பேர்ச்) காணித்துண்டுகளும் அனுமதிக்கப்பட்டன. குடும்பங்கள் சிறு கடன் பெற்று, இருந்த இடத்திலேயே தமது வீடுகளைக் கட்டின. விதி தளர்ந்ததும் ‘அனுமதியற்ற குடியிருப்பாளர்’ நகரின் குடியிருப்பாளராக ஏற்றுக்கொள்ளப்பட்டமை கவனிக்கத்தக்கது.

தொடர்மாடிக்கு மாற்றம்

2001 இல் பொரளையில் 14 மாடிகளும் 671 வீடுகளும் கொண்ட சஹஸ்புர தொடர்மாடி அமைக்கப்பட்டது. தோட்டங்களில் வாழ்ந்தோரை மாடிகளில் குடியேற்றி, விடுபடும் நிலத்தை வர்த்தகத்துக்குப் பயன்படுத்துவதே இதன் அடிப்படையாகும். 2010 இன் பின்னர் இம்முறை மேலும் விரிவடைந்தது.

நன்மைகள்: தனி மலசலகூடம், குழாய்நீர், மின்சாரம், நிலையான முகவரி.

பிரச்சினைகள்: மின்தூக்கி, பராமரிப்புச் செலவு, வாசலில் நடத்திய சிறுகடை, உணவு வியாபாரம் என்பவற்றுக்கு இடமின்மை, அயலவர் தொடர்பு குறைதல்.

எனவே வீடமைப்பு என்பது சுவரும் கூரையும் மட்டுமன்று. தொழில், அயல், சட்ட உரிமை என்பனவும் அதில் அடங்கும்.

மாதிரி வினா

“நகர விதிகள் சுகாதாரத்தைப் பேணும் அதேவேளை வறியோரை விலக்கவும் கூடும்.” கொழும்பு நகரை உதாரணமாகக் கொண்டு விளக்குக.

விடைக் குறிப்பு: விதியின் நோக்கம், விளைவு, தளர்வு ஆகிய மூன்றையும் ஆண்டுகளுடன் எழுதுக.