பாவித்த உடுப்பும் ஊருக்குச் சொந்தமான கடையும்

முகாமில் உடுப்புச் சாக்குகள் வந்திறங்கிய நாட்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சாக்கை அவிழ்த்துக் கொட்டியதும் முன்னுக்கு நின்றவருக்கு நல்ல சட்டை கிடைத்தது. பின்னுக்கு நின்றவருக்குக் கிழிந்த காற்சட்டையோ குளிர்நாட்டு மேலங்கியோதான் மிஞ்சியது. தந்தவர்கள் நல்ல மனதோடு தந்தார்கள். ஆனால் உங்களுக்கு எது தேவை என்று எவரும் கேட்கவில்லை.

ஊர் திரும்பிய பிறகும் பாவித்த உடுப்பு வந்துகொண்டுதான் இருக்கும். அதை யார் பிரிப்பது, யாருக்கு எப்படிக் கொடுப்பது, மிஞ்சுவதை என்ன செய்வது? இந்தக் கேள்விகளுக்கு அவுஸ்திரேலியப் பழங்குடிப் பெண்கள் கண்ட விடைகளை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

மனிங்ரிடா என்னும் ஊர்

அவுஸ்திரேலியாவின் வடகரையில், ஆர்னம் லாண்ட் என்ற பழங்குடி நிலப்பகுதியில் மனிங்ரிடா இருக்கிறது. டார்வின் நகரிலிருந்து தரைவழியே ஏறக்குறைய 500 கிலோமீற்றர். மழைக்காலத்தில் பாதை மூடப்பட்டுவிடும். அப்போது சாமான்கள் சரக்குப் படகிலும் விமானத்திலும்தான் வரவேண்டும். அந்தக் கூலியும் சேர்வதால் கடைகளில் எல்லாமே விலை கூட.

1949இல் அங்கே ஒரு வியாபார நிலையம் திறக்கப்பட்டது. 1957இல் அரசு அதை நிரந்தரக் குடியிருப்பாக்கியது. சுற்றியிருந்த பல மொழி பேசும் மக்கள் தத்தம் நிலங்களை விட்டு ஓரிடத்தில் வந்து சேர்ந்தார்கள். 1970களில் பல குடும்பங்கள் தங்கள் சொந்த நிலங்களுக்குத் திரும்பிப் போய்ச் சிறு குடியிருப்புகளை அமைத்தன. ஊர் திரும்புவது என்றால் என்னவென்று அவர்களுக்கும் தெரியும்.

பெண்கள் தொடங்கிய நிலையம்

மனிங்ரிடாவில் 1983இல் பாபரா பெண்கள் நிலையம் திறக்கப்பட்டது. தொடக்கத்தில் அது பாதுகாப்புத் தேடி வரும் பெண்களுக்கான புகலிடம். புகலிடத்தோடு வருமானமும் வேண்டும் என்பதால், 1989இல் துணியில் அச்சிடும் வேலை அங்கே தொடங்கியது. தங்கள் நிலத்தின் கதைகளையும் மீன்பொறி, பின்னற்கூடை போன்ற வடிவங்களையும் பெண்கள் துணியில் பதித்து விற்கிறார்கள். அதனோடு ஊருக்கான சலவையகத்தையும் பாவித்த உடுப்புக் கடையையும் அந்த நிலையம் நடத்தி வந்திருக்கிறது.

இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று துணை. உடுப்புக் கடையால் ஊரவர் குறைந்த விலையில் உடுக்க முடிகிறது. சலவையகம் உடல்நலத்தைக் காக்கிறது. நெருக்கமாக வாழும் வீடுகளில் உடுப்பும் படுக்கைத் துணியும் சுத்தமாக இல்லாவிட்டால் சொறி சிரங்கு இலகுவில் பரவும். அச்சு வேலை வெளியூர்ப் பணத்தை ஊருக்குள் கொண்டுவருகிறது.

இலவசம் இருக்க விலை எதற்கு?

அவுஸ்திரேலியாவில் இத்தகைய கடையை ‘ஒப் சொப்’ என்பார்கள். வாய்ப்புக் கடை என்பது அதன் பொருள். நகரங்களில் பெரும்பாலும் தொண்டு நிறுவனங்களே அவற்றை நடத்துகின்றன. தூர ஊர்களில் கடை ஊரவரின் கையில் இருக்கும்போது மூன்று மாற்றங்கள் நடக்கின்றன.

முதலாவது, வாங்குபவர் தெரிவு செய்கிறார். சிறு தொகை கொடுத்தாலும், தனக்குப் பொருந்துவதையும் பிடித்ததையும் எடுத்துச் செல்கிறார். வரிசையில் நின்று கையேந்தவில்லை. இரண்டாவது, பணம் ஊரிலேயே தங்குகிறது. மூன்றாவது, பிரிப்பவர் ஊரவர் என்பதால் எது பயன்படும், எது வேண்டாம் என்று அனுப்புபவருக்குச் சொல்ல முடிகிறது. பயன்படாத உடுப்பு வந்தால் கொண்டுவந்த கூலியும் வீண், அதைப் புதைக்கும் வேலையும் ஊரின் தலையில்தான்.

விற்க முடியாத துணி

அவுஸ்திரேலியாவின் நடுப்பகுதியில், அலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரின் ஓரத்தில், யரென்டி ஆல்டெரே என்ற பழங்குடிக் குடியிருப்பு உள்ளது. அங்குள்ள கலைஞர்கள் பழைய கம்பளிப் போர்வைகளை உள்ளூர்ச் செடிகள், தேயிலை, துருப்பிடித்த இரும்பு ஆகியவற்றோடு சேர்த்துச் சாயமிடுகிறார்கள். பிறகு வெட்டித் தைத்து, பறவைகளாகவும் மனிதர்களாகவும் உருவாக்கி, மேலே நூல்வேலை செய்கிறார்கள். அந்த உருவங்கள் இன்று நாட்டின் பெரிய கலைக்கூடங்களில் இருக்கின்றன.

இதில் ஒரு வரலாறும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் அந்நாட்டின் குடியேற்ற அரசு பழங்குடி மக்களை ஒன்றுகூட்டி ஆண்டுதோறும் கம்பளிப் போர்வை கொடுத்தது. நிலத்தை இழந்தவர்களுக்குப் போர்வை கிடைத்தது. இன்று அதே வகைப் போர்வையில் அவர்களின் பிள்ளைகள் தங்கள் கதையைத் தைக்கிறார்கள்.

சாயம் பிடிப்பது துணியைப் பொறுத்தது. பருத்தியும் கம்பளியும் செடிச் சாயத்தைப் பிடிக்கும், பொலியெஸ்டர் பிடிக்காது. சந்தேகம் இருந்தால் ஒரு நூலை எடுத்து வெளியில் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி கடதாசி போல மணத்துச் சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகி உருண்டையாக இறுகும். தேயிலைச் சாயத்தோடு துருப்பிடித்த ஆணிகளைச் சேர்த்தால் நிறம் சாம்பலும் கறுப்புமாக மாறும். அந்தப் பாத்திரத்தைச் சமையலுக்குப் பாவிக்க வேண்டாம்.

உங்கள் ஊரில் தொடங்குவதென்றால்

• முதலில் கூட்டம் வையுங்கள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் நல்ல இடம். கடைப் பணம் எதற்குப் போகும் என்பதைக் கடை திறக்க முன்னரே தீர்மானியுங்கள்.

• வரும் உடுப்பை மூன்றாகப் பிரியுங்கள்: அப்படியே உடுக்கக்கூடியது, தைத்தால் உடுக்கக்கூடியது, வெட்டிப் பாவிக்க வேண்டியது. மூன்றாவது குவியலில் இருந்து கால்மிதி, தலையணை உறை, பை தைக்கலாம்.

• எல்லாவற்றையும் துவைத்து வெயிலில் காயவிட்ட பிறகே கடையில் வையுங்கள். துவைக்க முடியாததைப் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி ஒரு கிழமை வைத்தால் சொறிப் பூச்சி இறந்துவிடும்.

• கையில் காசில்லாத குடும்பத்தை வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். துவைத்தல், பிரித்தல், தைத்தல் ஆகிய வேலைகளில் ஒரு மணித்தியாலம் உதவினால் அதையே விலையாக எடுத்துக்கொள்ளலாம். வேலை செய்ய இயலாத முதியவருக்கும் நோயாளிக்கும் சங்கம் வழி செய்யட்டும்.

• கணக்கை எல்லோரும் பார்க்கும்படி சுவரில் எழுதுங்கள். இப்படியான கடைகள் மூடப்படுவதற்குத் துணிக் குறைவை விடச் சந்தேகமே பெரிய காரணமாகிவிடும்.

• வேண்டாததை வேண்டாம் என்று சொல்லுங்கள். உடுப்புத் தரும் நிறுவனத்திடம், எங்களிடமும்கூட, தேவைப் பட்டியலைக் கொடுங்கள்: இத்தனை பாடசாலைப் பிள்ளைகள், இத்தனை சாரம், இத்தனை சீலை என்று.

இந்தக் கடையால் ஒரு குடும்பம் முழுதாக வாழ முடியாது. தோட்டமும் கடலும் தொழிலும் திரும்ப வேண்டும். ஆனால் அதுவரை, உங்கள் பிள்ளை நாளை எதை உடுத்துப் பள்ளிக்கூடம் போவது என்பதை வேறொருவர் தீர்மானிக்காமல் நீங்களே தீர்மானிக்க இது உதவும்.

கூடிப் பேசுங்கள்

1. கடைசியாக உங்களுக்குக் கிடைத்த நிவாரண உடுப்பில் எத்தனையை உண்மையில் உடுத்தீர்கள்? மற்றவற்றை என்ன செய்தீர்கள்?

2. உங்கள் ஊரில் தைக்கத் தெரிந்தவர்கள் யார்? தையல் இயந்திரம் எத்தனை வீட்டில் உண்டு?

3. கடையில் முதல் மாதம் சேரும் பணத்தை ஊரில் எந்தத் தேவைக்குக் கொடுப்பீர்கள்? ஏன்?