பிரதிநிதியின் பொறுப்பை முறையாக முடித்துவைத்தல்

1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத் தோட்டக் குடும்பங்கள் பல வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போயின. வேறு சில தமிழகம் போயின. ஊரில் இல்லாத காலத்தில் நட்டஈட்டு அலுவல்களைப் பார்க்க ஒருவரை நியமித்திருப்பீர்கள். சேதமடைந்த தோட்டக் கோவிலுக்காகவும் ஒருவர் கையெழுத்திட்டிருப்பார். இப்போது நீங்கள் ராகலைக்குத் திரும்பிவிட்டீர்கள். ஆனால் அதனால் மட்டும் அவருடைய அதிகாரம் முடிந்துவிடாது.

அலுவலகம் கோப்பில் உள்ள பெயரைத்தான் பார்க்கும். கடிதமும் அவருக்கே போகும். மாற்றத்தை அறியாமல் அலுவலகம் பணம் கொடுத்துவிட்டால் அதைத் திரும்பப் பெறுவது கடினம்.

செய்ய வேண்டியவை

1. அதிகாரம் எப்படிக் கொடுக்கப்பட்டது என்று பாருங்கள். சாதாரணக் கடிதமா, நொத்தாரிசு முன் எழுதிய அற்றோணித் தத்துவமா? குடும்பக் கோப்பு என்றால், அதிகாரம் கொடுத்தவரே அதை இரத்துச் செய்ய வேண்டும். கோவில் என்றால் தலைவர் தனியாக முடிவெடுக்கக் கூடாது. நிர்வாக சபையைக் கூட்டித் தீர்மானம் எடுத்து, கூட்ட அறிக்கைப் புத்தகத்தில் பதியுங்கள்.

2. எழுத்தில் இரத்துச் செய்யுங்கள். அற்றோணித் தத்துவம் பதியப்பட்டிருந்தால், இரத்தையும் அதே பதிவகத்தில் பதியுங்கள். பிரதிநிதிக்கும் ஒரு பிரதி கொடுங்கள்.

3. இழப்பீட்டுக்கான அலுவலகத்துக்கு அறிவியுங்கள். இது 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்தது. முன்பு ரெப்பியாவுக்கு விண்ணப்பித்தவர்களும் இங்கேதான் விசாரிக்க வேண்டும். கோப்பு இலக்கம், பழைய பிரதிநிதியின் பெயர், பொறுப்பு முடியும் திகதி, இனிக் கடிதம் அனுப்ப வேண்டிய முகவரி ஆகியவற்றை எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம், தமிழில் பதில் பெறுவது உங்கள் உரிமை. பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பிரதேச செயலகத்துக்கும் வங்கிக்கும் பிரதி கொடுங்கள்.

4. ஆவணங்களைத் திரும்பப் பெறுங்கள். பட்டியல் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். அவர் பஸ் ஏறி அலைந்த செலவு பாக்கியிருந்தால் கணக்குப் பார்த்துக் கொடுங்கள். பொறுப்பை முடிப்பது அவர்மேல் குற்றம் சொல்வதாகாது. இதை அவரிடம் நேரில் சொல்லி நன்றியும் சொன்னால் உறவு முறியாது.

பிரதிநிதி இறந்திருந்தால்

அவருடைய அதிகாரமும் அவரோடு முடிந்துவிடும். மகனுக்குத் தானாகப் போகாது. ஆனாலும் மரணச் சான்றிதழின் பிரதியோடு அலுவலகத்துக்கு எழுதுங்கள்.

கோப்பில் யார் பெயர் உள்ளது என்று தெரியாவிட்டால்

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, அலுவலகத்தின் தகவல் அதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்பதை அவர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும்.

நினைவில் வையுங்கள்: பிரதிநிதி மாறினாலும் கோரிக்கை உங்களுடையதே. ஆனால் புதிய பெயர் கோப்பில் ஏறிவிட்டது என்ற பதில் கைக்கு வரும்வரை வேலை முடியவில்லை.

கலந்துரையாடுங்கள்

• உங்கள் குடும்பத்துக்காக இன்று யார் கையெழுத்திடலாம்?
• உங்கள் கோவில் சபை கடைசியாக எப்போது கூடியது? கூட்ட அறிக்கைப் புத்தகம் யாரிடம் இருக்கிறது?