சிவப்பு போயிடுச்சு… நோய் போயிடுச்சா? ஆன்டிபயாடிக், ஸ்டீராய்டு கண் சொட்டு மருந்துகளைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது எப்படி?

காலையில் எழுந்து கண்ணாடி பார்க்கிறீர்கள். ஒரு கண் சிவந்து கிடக்கிறது, உறுத்தல் வேறு. வேலைக்கு நேரமாகிவிட்டது. போகிற வழியில் மெடிக்கலில் வண்டியை நிறுத்தி, "அண்ணே, கண்ணு சிவந்திருக்கு, ஒரு டிராப்ஸ் குடுங்க" என்கிறீர்கள். கைக்குள் அடங்கும் ஒரு சின்ன பாட்டில் வருகிறது. இரண்டே நாளில் கண் வெளுத்துவிடுகிறது. "சூப்பர் மருந்துப்பா" என்று பக்கத்து வீட்டுக்கும் சிபாரிசு செய்கிறோம்.

நானும் இதைச் செய்தவள்தான். எங்கள் அப்பத்தாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து மீதமிருந்த பாட்டில் ஃபிரிட்ஜ் கதவில் இருந்தது. கண் சிவந்த அன்று அதை எடுத்து இரண்டு சொட்டு விட்டேன். சிவப்பு குறைந்தது, நிறுத்தினேன், திரும்ப வந்தது, திரும்ப விட்டேன். கடைசியில் கண் மருத்துவரிடம் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி: "என்ன மருந்து விட்டீங்க?" எனக்குப் பெயர்கூடத் தெரியவில்லை. நல்லவேளை, எனக்குப் பெரிய பாதிப்பு இல்லை. எல்லாருக்கும் அப்படி முடிவதில்லை. அந்தக் கேள்விக்கு உங்களிடம் எப்போதும் பதில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பாடம்.

பாடம் 1: ஒரே மாதிரி பாட்டில், வேறு வேறு வேலை

ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து பாக்டீரியா கிருமிகளை அழிக்கும். மாக்ஸிஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்லாக்சசின், டோப்ராமைசின், குளோராம்பெனிகால் ஆகியவை இந்த வகை.

ஸ்டீராய்டு சொட்டு மருந்து கிருமியை அழிக்காது. கண்ணின் வீக்கம், சிவப்பு, வலி ஆகியவற்றை அடக்கும். பிரட்னிசோலோன், டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், லோட்டிபிரட்னால், ஃபுளோரோமெத்தோலோன் ஆகியவை இந்த வகை.

இரண்டும் ஒரே பாட்டிலில் கலந்து வருவதும் உண்டு. கவனம் தேவைப்படும் இடம் இதுதான். "வெறும் ஆன்டிபயாடிக்தான்" என்று நினைத்து நாம் வாங்கும் மருந்தில் டெக்ஸாமெத்தசோனும் இருக்கலாம். அட்டைப்பெட்டியின் முன்பக்கப் பெயர் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும், கடைசியில் ஓரிரு எழுத்துதான் கூடுதலாக இருக்கும். அதனால் பெயரை மட்டும் பார்க்காமல், கீழே சின்ன எழுத்தில் உள்ள மருந்துச் சேர்க்கையைப் படியுங்கள். எழுத்து பொடியாக இருக்கிறதா? போனில் ஒரு போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

பாடம் 2: கண் வெளுத்தால் குணமாகிவிட்டதா?

ஸ்டீராய்டு விட்டால் கண் சீக்கிரம் வெளுக்கும். ஆனால் சிவப்பு என்பது நோய் அல்ல, நோயின் அறிகுறி. வீட்டில் புகை வரும்போது அலாரத்தை மட்டும் அணைத்துவிட்டுப் படுத்தால் என்ன ஆகும்? கிருமியால் வந்த கண் நோயில், மருத்துவர் பார்க்காமல் ஸ்டீராய்டு விடுவதும் அதேதான்.

மூன்று இடங்களில் இது பெரிய சேதத்தில் முடியும்.

வயலில் பட்ட காயம்: நெல் தாள், கரும்புத் தோகை, மண் துகள் கண்ணில் பட்டால் கருவிழியில் கீறல் விழும். அந்தக் கீறல் வழியாகப் பூஞ்சை உள்ளே போகலாம். மதுரையில் நடந்து 1997ல் வெளியான ஓர் ஆய்வில், கிருமி இன்னதென்று உறுதியான கருவிழிப் புண்களில் ஏறக்குறைய பாதி பூஞ்சையால் வந்தவை. பூஞ்சைக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது, அதற்குத் தனி மருந்து இருக்கிறது. ஸ்டீராய்டு விட்டாலோ வலியும் சிவப்பும் அடங்கும், பூஞ்சை உள்ளே வளரும். சில நாள் கழித்துத் தெரிய வரும்போது கருவிழியில் வெள்ளைத் தழும்பு விழுந்திருக்கும். பார்வை திரும்ப, கருவிழி மாற்று அறுவை சிகிச்சை வரை போக வேண்டியிருக்கலாம்.

ஹெர்பிஸ் வைரஸ்: இதுவும் கண் சிவப்பாகத்தான் தொடங்கும். வைரஸைக் கட்டுப்படுத்தும் மருந்து இல்லாமல் ஸ்டீராய்டு மட்டும் விட்டால் கருவிழிப் புண் பரவும்.

கண் அழுத்தம்: கண்ணுக்குள் இருக்கும் நீரின் அழுத்தம் பொதுவாக 10 முதல் 21 மி.மீ. பாதரச அளவில் இருக்கும். ஸ்டீராய்டு சொட்டு மருந்தைச் சில வாரங்கள் தொடர்ந்து விட்டால், ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்த அழுத்தம் ஓரளவு கூடும். 100ல் 5 பேருக்கு மிக அதிகமாகவே கூடும். வலி இருக்காது, சிவப்பும் இருக்காது. கண் நரம்பு மட்டும் மெல்ல மெல்லச் சேதமாகும். முதலில் பக்கவாட்டுப் பார்வை குறைவதால் நமக்குத் தெரிவதில்லை. இதுதான் குளுக்கோமா எனும் கண் அழுத்த நோய். இதில் போன பார்வை திரும்ப வராது. நீண்டகால ஸ்டீராய்டு கண்புரையையும் வரவழைக்கும். கண்புரையை அறுவை சிகிச்சையில் சரிசெய்யலாம், சேதமான நரம்பைச் சரிசெய்ய முடியாது.

குடும்பத்தில் யாருக்காவது குளுக்கோமா இருந்தால், சர்க்கரை நோய் இருந்தால், கிட்டப்பார்வைக்கு அதிக பவர் கண்ணாடி போட்டிருந்தால், மருத்துவரிடம் நீங்களாகவே முன்கூட்டிச் சொல்லுங்கள்.

பெற்றோர் கவனத்துக்கு: சில பிள்ளைகளுக்கு வருடம் தவறாமல் வெயில் காலத்தில் கண் அரிக்கும், கசக்கிக்கொண்டே இருப்பார்கள். ஒருமுறை எழுதிக்கொடுத்த ஸ்டீராய்டு மருந்தை "அதே டிராப்ஸ் குடுங்க" என்று பழைய பாட்டிலைக் காட்டியே மாதக்கணக்கில் வாங்கி விடுகிறோம். அரிப்பு நிற்கும், கண் அழுத்தம் ஏறும். பள்ளிக்கூடத்தில் போர்டு தெரியவில்லை என்று பிள்ளை சொல்லும்போது தாமதமாகியிருக்கும். ஒவ்வொரு முறையும் புதிதாகக் காட்டி, கண் அழுத்தம் பார்த்த பிறகே மருந்தைத் தொடர வேண்டும்.

பாடம் 3: ஆன்டிபயாடிக்கும் சும்மா விடுவதற்கல்ல

நம் ஊர் பெயரிலேயே ஒரு கண் நோய் இருக்கிறது, 'மெட்ராஸ் ஐ'. பெரும்பாலும் அடினோ வைரஸால் வருவது. வைரஸை ஆன்டிபயாடிக் கொல்லாது. பெரும்பாலானவர்களுக்கு ஒன்று, இரண்டு வாரங்களில் தானாகவே சரியாகும். கைகழுவுவது, தனித் துண்டு வைத்துக்கொள்வது, குளிர்ந்த ஒத்தடம் ஆகியவையே முக்கியம். பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்பது உண்மையல்ல. தொட்ட கை, துண்டு, தலையணை வழியாகத்தான் பரவும். வீட்டில் ஐந்து பேரும் ஒரே பாட்டிலைப் பகிர்ந்தால், மருந்தோடு நோயையும் பகிர்கிறோம்.

பாக்டீரியாதான் காரணம் என்று மருத்துவர் ஆன்டிபயாடிக் எழுதினால், சொன்ன நாள் வரை, சொன்ன வேளைப்படி விடுங்கள். கண் வெளுத்ததும் பாதியில் நிறுத்தினால் கிருமி மிச்சமிருக்கும். தேவையில்லாமல் அடிக்கடி விட்டால், நிஜமாகத் தேவைப்படும் நாளில் மருந்து வேலை செய்யாமல் போகலாம்.

பாடம் 4: ஸ்டீராய்டு எதிரி அல்ல

இவ்வளவும் படித்துவிட்டு, மருத்துவர் கொடுத்த ஸ்டீராய்டை இன்றே நிறுத்திவிடாதீர்கள். கண்புரை அறுவை சிகிச்சைக்குப் பிறகும், கண்ணின் உள் அழற்சிக்கும் அது கண்டிப்பாகத் தேவை. அதை எடுத்த எடுப்பில் நிறுத்தவும் கூடாது. முதல் வாரம் இத்தனை வேளை, அடுத்த வாரம் ஒரு வேளை குறைவு என்று படிப்படியாகக் குறைத்து எழுதியிருப்பார்கள். திடீரென நிறுத்தினால் அழற்சி திரும்பலாம். வீட்டுப் பெரியவர்களுக்கு இந்தக் கணக்கு குழப்பும். அவர்கள் போனிலோ உங்கள் போனிலோ வேளைக்கு ஒரு அலாரம் வைத்து, வாரம் மாறும்போது மாற்றிவிடுங்கள்.

பாடம் 5: சொட்டு விடும் முறை

1. சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். காண்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் கழற்றுங்கள். கண்ணில் தொற்று இருக்கும்வரை லென்ஸ் வேண்டாம்.
2. லேபிளில் 'குலுக்கவும்' என்று இருந்தால் நன்றாகக் குலுக்குங்கள். பிரட்னிசோலோன் அசிடேட் போன்ற மருந்துகள் அடியில் தங்கும். குலுக்காவிட்டால் வெறும் நீர்தான் கண்ணுக்குள் போகும்.
3. தலையைப் பின்னால் சாய்த்து, கீழ் இமையை மெதுவாக இழுங்கள். சின்னப் பை மாதிரி ஒரு இடம் கிடைக்கும். அதில் ஒரே ஒரு சொட்டு. நம் கண்ணில் ஒரு சொட்டுக்கு மேல் நிற்காது, மீதி கன்னத்தில்தான் வழியும்.
4. பாட்டில் நுனி இமையிலோ, முடியிலோ, விரலிலோ படக்கூடாது. பட்டால் கிருமி பாட்டிலுக்குள் போய்விடும்.
5. கண்ணை மெல்ல மூடி, மூக்கை ஒட்டிய கண் ஓரத்தை விரலால் ஒன்றிரண்டு நிமிடம் அழுத்துங்கள். மருந்து தொண்டைக்கு இறங்கிக் கசப்பது குறையும், கண்ணிலும் கூடுதல் நேரம் நிற்கும்.
6. இரண்டு மருந்து இருந்தால் நடுவில் குறைந்தது 5 நிமிட இடைவெளி. களிம்பு இருந்தால் அதைக் கடைசியாகப் போடுங்கள்.

பாடம் 6: பாட்டிலுக்கும் ஆயுள் உண்டு

திறந்த கண் மருந்தை ஒரு மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்று பெரும்பாலான பாட்டில்களில் அச்சிட்டே இருக்கும். அட்டையில் உள்ள காலாவதித் தேதி திறக்காத பாட்டிலுக்கானது. திறந்த அன்றே பேனாவால் தேதியை எழுதுங்கள். மாதம் முடிந்தால், பாதி மிச்சம் இருந்தாலும் தூக்கிப்போடுங்கள். "காசு கொடுத்து வாங்கினதாச்சே" என்று தோன்றும். கண்ணை விடவா? பைக் பெட்டி, கார் டேஷ்போர்டு போன்ற சூடான இடங்களில் வைக்க வேண்டாம். ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லியிருந்தால் மட்டும் அங்கே வையுங்கள்.

உடனே கண் மருத்துவரிடம் போக வேண்டியது எப்போது?

• கண் வலி, பார்வை மங்கல், வெளிச்சம் பார்க்க முடியாமை
• கருவிழியில் வெள்ளைப் புள்ளி
• கண்ணில் அடி, கீறல், தாள், தூசி, ரசாயனம் பட்டது (ரசாயனம் என்றால் முதலில் சுத்தமான தண்ணீரால் நிறைய நேரம் கழுவிவிட்டுக் கிளம்புங்கள்)
• காண்டாக்ட் லென்ஸ் போடுபவருக்குச் சிவப்பு
• அறுவை சிகிச்சை செய்த கண்ணில் சிவப்பு அல்லது வலி
• பிறந்த குழந்தையின் கண்ணில் பீளை

இந்த நேரத்தில் தாய்ப்பால், விளக்கெண்ணெய், பச்சிலைச் சாறு எதுவும் கண்ணில் விட வேண்டாம்.

எங்கே போவது, யாரைக் கேட்பது?

முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனைக் கண் பிரிவிலோ காட்டலாம். 1819ல் தொடங்கி இன்றும் இயங்கும் அரசு கண் மருத்துவமனை சென்னை எழும்பூரில் இருக்கிறது. எங்கே போவது என்று குழப்பமாக இருந்தால் 104 மருத்துவ உதவி எண்ணை அழையுங்கள். போட்டோ அனுப்பிக் கேட்பது முதல் ஆலோசனைக்கு உதவும். ஆனால் கருவிழிப் புண்ணையும் கண் அழுத்தத்தையும் போட்டோவில் பார்த்துச் சொல்ல முடியாது, நேரில்தான் பார்க்க வேண்டும். மருந்தால் பக்கவிளைவு வந்ததாகச் சந்தேகம் இருந்தால், மருத்துவரிடம் காட்டுவதோடு 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணிலும் தெரிவிக்கலாம்.

இந்த மருந்துகளின் அட்டையில் 'ஆர்எக்ஸ்' குறியும், மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்ற எச்சரிக்கையும் இருக்கும். சீட்டு கேட்கும் மருந்தாளுநர் உங்களை அலைக்கழிக்கவில்லை, உங்கள் கண்ணைக் காப்பாற்றுகிறார்.

இன்று ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். வீட்டில் இருக்கும் கண் மருந்து பாட்டில்களை எல்லாம் எடுங்கள். திறந்து ஒரு மாதம் ஆனதையும், எப்போது திறந்தது என்று தெரியாததையும் அப்புறப்படுத்துங்கள். பயன்பாட்டில் உள்ளதன் லேபிளையும் மருந்துச் சீட்டையும் போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை மருத்துவர் "என்ன மருந்து விட்டீங்க?" என்று கேட்டால், என்னைப் போல முழிக்காமல் போனை நீட்டலாம்.