மஸ்கட் போகிற மருமகனுக்கு

தூத்துக்குடி
வெள்ளிக்கிழமை

அன்பு மருமகனுக்கு,

மாமா எழுதுவது. விசா வந்துவிட்டது, அடுத்த மாதம் மஸ்கட் கிளம்புகிறேன், வெளிநாட்டு வாழ்க்கை பற்றியும் கடல் பயணம் பற்றியும் படிக்க நல்ல புத்தகமாகச் சொல்லுங்கள் என்று போனில் கேட்டாய். அப்போதே சொல்லியிருந்தால் நாலு பெயரைச் சொல்லி வைத்திருப்பேன். அந்த ஊரில் ஒன்பது வருஷம் குப்பை கொட்டியவன் பெயரை மட்டும் சொன்னால் போதாது.

மஸ்கட்டில் அல் புஸ்தான் பக்கம் ஒரு ரவுண்டானா உண்டு. நடுவில் பெரிய பாய்க்கப்பல் ஒன்றை நிறுத்தி வைத்திருப்பார்கள். கம்பெனி வேனில் அந்த வழியாக எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அழகுக்கு வைத்தது என்றுதான் நினைப்பு. ஊர் திரும்பிச் சில வருஷம் கழித்து, பழைய புத்தகக் கடையில் டிம் செவரின் எழுதிய 'தி சிந்துபாத் வாயேஜ்' கையில் கிடைத்தது. படங்களைப் புரட்டினால், நம்ம ரவுண்டானாக் கப்பல்!

அதன் பெயர் சோஹார். பழைய அரபு மாலுமிகள் சீனா வரை எப்படிப் போனார்கள் என்று போய்ப் பார்த்துவிடுவதற்காகவே ஓமானின் சூர் ஊரில் கட்டிய கப்பல். ஆணி கிடையாது. பலகை ஓரத்தில் துளை போட்டு, கயிற்றை உள்ளும் புறமுமாக இழுத்து இறுக்கித் தைத்திருக்கிறார்கள். மரம் மலபாரிலிருந்து போன அயனி, நம் பலாவுக்குப் பங்காளி. கயிறு லட்சத்தீவுத் தென்னை நார், சுமார் 400 மைல் நீளம். அதைத் தைக்கவும் லட்சத்தீவு ஆட்களே போனார்கள். 1980 நவம்பரில் மஸ்கட்டில் பாய் விரித்து, கோழிக்கோடு, இலங்கை, சுமத்ரா என்று தொட்டு, 1981 ஜூலையில் சீனாவின் கான்டன் போய்ச் சேர்ந்தார்கள். இலங்கையைத் தாண்டியபின் பாய் கட்டும் பருமல் முறிந்து, காற்றும் செத்து, நடுக்கடலில் மழைத்தண்ணீரைப் பிடித்துக்கொண்டு கிடந்த நாட்களைச் செவரின் எழுதியிருக்கிறார். அந்தப் பக்கங்களை அவசரப்படாமல் படி.

சென்னையில் துறைமுகம் வருவதற்கு முன்னால் கப்பலிலிருந்து ஆளையும் சரக்கையும் கரை சேர்த்த மசூலாப் படகும் கயிற்றால் தைத்ததுதான். ஆணி அடித்தது அலையில் விண்டு போகும், தைத்தது வளைந்து கொடுக்கும். என் தாத்தா, உன் கொள்ளுத்தாத்தா, தோணியில் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போனவர். அவர் வாயால் இதைக் கேட்டு வளர்ந்த நான், ஒன்பது வருஷத்தில் ஒரு நாள்கூட வேனை நிறுத்தச் சொல்லி அந்தத் தையலைப் போய்ப் பார்க்கவில்லை.

அதைவிட மோசம் ஒன்று உண்டு. பட்டறையில் என்னோடு வேலை பார்த்த சூர்க்காரர் ஒருவர் பெருநாளைக்கு வீட்டுக்கு வாருங்கள் என்று இரண்டு வருஷம் கூப்பிட்டார். ஓவர்டைம் போய்விடுமே என்று இரண்டு தடவையும் சாக்குச் சொன்னேன். மூன்றாம் வருஷம் அவர் கூப்பிடவில்லை. தன் அப்பா கப்பல் தச்சர் என்று அவர் பேச்சுவாக்கில் சொன்னது, இந்தப் புத்தகத்தைப் படிக்கும்போதுதான் ஞாபகம் வந்தது.

அதிலிருந்து, பயணப் புத்தகம் எதை எடுத்தாலும், எழுதினவன் யார் வீட்டில் சாப்பிட்டான் என்று தேடுவேன். கடலின் நிறத்தைப் பத்துப் பக்கம் வர்ணிக்கட்டும், சோறு போட்டவன் பெயர் இல்லையென்றால் மூடி வைத்துவிடுவேன்.

வில்ஃப்ரெட் தெசிகரின் 'தி மார்ஷ் அராப்ஸ்' அந்தச் சோதனையில் தேறும். தெற்கு ஈராக்கின் சதுப்புநிலத்தில், நாணல் வீடுகளில், 1950களில் வருஷத்துக்குச் சில மாதம் என்று தங்கியவர். அவர் படகு 36 அடி நீளம், அகலமோ மூன்றரை அடிதான்! அதில் மருந்துப் பெட்டியோடு ஊர் ஊராகப் போவார். விடிந்தால் வாசலில் நோயாளிகள் நிற்பார்கள். துடுப்புப் போட்ட அமாராவும் சபைதியும் அவர் புத்தகத்தில் பெயரும் கோபமும் உள்ள மனிதர்கள். பள்ளிக்கூடம் போய் ஊரை விட்டுப் போக நினைக்கும் பையன்களைக் கண்டால் மட்டும் முகம் சுளிப்பார். எனக்கு அது ஒப்பவில்லை. இவர் ஈட்டனில் படித்தவர், அவர்கள் மட்டும் நாணலிலேயே இருக்கவேண்டுமாம். அந்தச் சதுப்பைப் பின்னால் சதாம் அரசு வற்றடித்தது. 2003க்குப் பிறகுதான் தண்ணீர் ஓரளவு திரும்பியது.

சிரிக்கவேண்டுமென்றால் எரிக் நியூபி. 1963 டிசம்பரில் மனைவி வாண்டாவோடு ஹரித்வாரில் படகேறி, வங்காள விரிகுடா வரை 1,200 மைல் போகப் புறப்பட்டவர். 200 கஜத்தில் தரை தட்டிவிட்டது. முதல் ஆறு நாளில் மட்டும் 63 தடவை! நம் ஆட்களைக் கொஞ்சம் கேலி செய்வார், தன்னைத்தான் கூடுதலாகச் செய்துகொள்வார். புத்தகம் 'ஸ்லோலி டவுன் தி கேஞ்சஸ்'.

யாரைக் கேட்டாலும் முதலில் ஜோஷுவா ஸ்லோகமைத்தான் சொல்வார்கள். 1895இலிருந்து 1898 வரை 'ஸ்பிரே' என்ற சின்னப் பாய்ப்படகில் தன்னந்தனியாக உலகைச் சுற்றியவர். நேரம் பார்க்க ஒரு டாலர் தகரக் கடிகாரம். அருமையான எழுத்து, சந்தேகமே இல்லை. ஆனாலும் முதல் வருஷம் அதைத் தொடாதே. லேபர் கேம்ப் ரூமில் கட்டிலில் படுத்துக்கொண்டு தனியாகப் போனவன் கதையைப் படித்தால் வீட்டு நினைப்பு கூடும். எனக்குக் கூடியது.

மூன்று புத்தகங்களை உன் அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். ஸ்லோகம் என்னிடமே இருக்கட்டும், லீவில் வரும்போது தருகிறேன். செவரினுக்குப் பின்னட்டை போய்விட்டது, பெட்டியில் ஊறுகாய் பாட்டில் பக்கம் வைக்காதே. போய் இறங்கிய முதல் வெள்ளிக்கிழமையே அல் புஸ்தானுக்குப் போ. பலகை இடுக்கில் கயிறு இன்னும் தெரிகிறதா என்று பார்த்து எனக்கு எழுது.

உன் மாமா