காளானின் குடைக்குள்ளே

சென்ற ஐப்பசி மழையில் எங்கள் ஊர்த் தென்னந்தோப்பின் புல்தரையில் வெண்காளான்கள் குடை குடையாக முளைத்திருந்தன. பாதி விரிந்தவையாகப் பார்த்துப் பறித்து வந்து சித்தி குழம்பு வைத்தார். உண்ட இரண்டு மணி நேரத்திற்குள் சித்திக்கும் தம்பிக்கும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டன. மருத்துவமனையில் இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றிய பின்னரே இருவரும் எழுந்து உட்கார்ந்தனர். புற்றுக்காளான் என்றே நினைத்ததாகச் சித்தி சொன்னார். அப்பத்தா கேட்டது ஒன்றுதான்: "புடுங்கையில வேரு வந்துச்சா?" வரவில்லை.

தாவரவியல் இறுதியாண்டு மாணவனான எனக்கு அக்கேள்வியின் பொருள் அப்போது விளங்கவில்லை. நான் எனக்குத் தெரிந்த வழியில் இறங்கினேன். தோப்பில் எஞ்சி நின்ற, நன்கு விரிந்த காளான் ஒன்றின் குடையை அறுத்து, செவுள்கள் கீழ்நோக்கும்படி வெள்ளைத் தாள்மேல் வைத்து, பாத்திரத்தால் மூடினேன். மறுநாள் காலை வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல ஒரு படம் தாளில் பதிந்திருந்தது. அதன் நிறம் மங்கலான பச்சை! மறுவாரம் கிடைத்த உண்மையான புற்றுக்காளானோ இளஞ்சிவப்பாகப் பதிந்தது. பச்சைத் தூள் உதிர்த்தது குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் என்னும் நச்சுக்காளான்.

அத்தூள்தான் ஸ்போர்கள், அதாவது காளானின் வித்துகள். 1729-இல் இத்தாலியரான மிக்கேலி இவற்றை விதைத்துப் பூசணத்தை வளர்த்துக் காட்டும்வரை, காளான் அழுகலிலிருந்து தானே தோன்றுவது என்றே பலரும் நம்பினர். வித்துகள் எங்கே உண்டாகின்றன என்பதைத் தெளிவுபடுத்தியவர் பிரெஞ்சு நாட்டு லெவெய்யே, ஆண்டு 1837.

அவர் கண்டதை நம் ஆய்வகத்திலும் காணலாம். செவுளைப் பிளேடால் மெல்லிய சீவலாக அரிந்து, காங்கோ சிவப்பில் தோய்த்து, நுண்ணோக்கியில் வைத்தேன். (ஏழெட்டுச் சீவல்கள் வீணான பிறகே ஒன்று தேறியது.) செவுளின் இருபுறமும் கதாயுதம் போன்ற செல்கள் நெருக்கமாக நின்றன. அவையே பசிடியங்கள். ஒவ்வொன்றின் தலையிலும் நான்கு சிறு கொம்புகள். கொம்புக்கு ஒரு வித்து. கடைகளில் விற்கும் பட்டன் காளானில் பெரும்பாலும் இரண்டே இருக்கும். பைஸ்போரஸ் என்ற பெயரே அதனால் வந்தது. செவுளின் விளிம்பில் வித்து தாங்காத பருத்த செல்களும் தெரிந்தன. சிஸ்டிடியங்கள் எனப்படும் இவற்றின் வடிவம் இனங்களைப் பிரித்தறியப் பெரிதும் உதவுகிறது.

பச்சை வித்து ஏறத்தாழ 10 மைக்ரான் நீளம், தடித்த சுவர், நுனியில் முளைத்துளை. புற்றுக்காளானின் வித்து அதைவிடச் சிறியது, சுவர் மெல்லியது, துளை இல்லை. இவ்விரண்டையும் ஒருமுறை பார்த்தவர் பின்னர் குழம்பமாட்டார்.

என்னை மிகவும் வியக்க வைத்தது வித்து கொம்பைவிட்டு நீங்கும் விதம். வித்தின் அடியில் ஒரு நீர்த்துளி திரண்டு பெருகுகிறது. வித்தின் பக்கவாட்டில் படிந்துள்ள நீர்ப்படலத்தை அது தொட்டதும் இரண்டும் நொடியில் ஒன்றாகின்றன. அப்போது விடுபடும் பரப்பு இழுவிசை ஆற்றல் வித்தை வெளியே எறிகிறது. இதை விரிவாக ஆராய்ந்த கனடா நாட்டு அறிஞர் புல்லரின் பெயரால் அது 'புல்லர் துளி' எனப்படுகிறது. எறிதல் சற்று மிகுந்தால் வித்து எதிர்ச்செவுளில் ஒட்டிக்கொள்ளும். குறைந்தால் தன் செவுளிலேயே தங்கிவிடும். இரு செவுள்களுக்கும் இடைப்பட்ட வெளியில் நின்று நேர்கீழாக விழுகிறது. தாளில் ஆரக்கால்கள் அவ்வளவு தெளிவாகப் பதிவதற்கு இதுவே காரணம்.

ஆயினும் தாள் சோதனையை மட்டும் நம்பிக் காளானை உண்ணலாகாது. இளஞ்சிவப்பு வித்துடைய எண்டொலோமா இனங்களிலும் நஞ்சுள்ளவை உண்டு. மேலும், சித்தி பறித்ததைப் போன்ற பாதி விரிந்த குடை ஒன்றையும் தோப்பிலிருந்து எடுத்துப் பார்த்தேன். செவுள் வெண்மையாகவே இருந்தது. பசிடியங்களில் கொம்புகள்கூட முளைத்திருக்கவில்லை. தாளில் எதுவும் விழவில்லை. அன்று சித்தி என்னைக் கேட்டிருந்தாலும் நான் சரியான விடை சொல்லியிருக்க முடியாது.

அப்பத்தாவின் 'வேர்' உண்மையில் வேரன்று. கரையான்கள் மண்ணுக்குள் வளர்க்கும் பூசணத் தோட்டத்திலிருந்து மேலெழும் அடித்தண்டு. இக்காளான்களுக்கு டெர்மிட்டோமைசிஸ் என்று 1942-இல் பெயரிட்டவர் ரோஜே ஹெய்ம். இப்பேரினத்தின் எல்லா இனங்களுக்கும் அந்த நீண்ட அடித்தண்டு இருப்பதில்லை. எங்கள் ஊர்ப் புற்றுக்காளானுக்கு உண்டு. அந்த இளஞ்சிவப்புப் படத்திற்காக நான் காளான் எடுக்கச் சென்றபோது, இழுக்காமல் கடப்பாரையால் தோண்டும்படி சொல்லி அப்பத்தாவும் உடன் வந்தார். தண்டு ஒரு முழத்திற்கும் மேல் இறங்கியிருந்தது.