தெகிவளையிலும் பேராதனையிலும் நம் தீவின் உயிர்கள்

உயிரியல் பயிலும் மாணவரைத் தெற்கே கல்விச் சுற்றுலா அழைத்துச் செல்லும் வழக்கம் யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளுக்குப் புதியதன்று. 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கிய பின்னர் அது மேலும் எளிதாயிற்று. 1990இல் வடபகுதிப் புகைவண்டிப் போக்குவரத்து அற்றுப்போக, 2014இலேதான் வண்டி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. அவ்விடைக்காலத்திற் பயின்றோருட் பலருக்குச் சிறுத்தையும் கரடியும் பாடநூற் படங்களாகவே இருந்தன. இன்று அவர்தம் மக்கள் தெகிவளைக்குச் செல்கின்றனர். சென்று எதைக் காண்பது என்பது பற்றிச் சில கூறவே இக்கட்டுரை எழுந்தது.

மிருகக்காட்சிச்சாலையுட் புகுந்ததும் நம் பிள்ளைகள் கேட்பது சிங்கம் எங்கே என்பதே. அதிற் குற்றமில்லை, ஆயினும் ஒருமுறை மாணவருடன் சென்றபோது நிகழ்ந்த ஒன்றை ஈண்டுக் குறிப்பிடல் தகும். தேவாங்கு ஒன்று பகலுறக்கத்திற் பந்துபோற் சுருண்டு கிடந்தது. ஒரு மாணவன் அதனை நெடுநேரம் பார்த்துவிட்டு, “ஐயா, இது எந்த நாட்டு விலங்கு?” என வினவினான். “எங்கள் வன்னிக் காட்டு விலங்குதான், தம்பி” என்றேன். அவன் நம்பவில்லை. ஆபிரிக்கச் சிங்கத்தின் பழக்கங்களை ஒப்புவிக்க வல்ல மாணவன் அவன்! பிழை அவனுடையதன்று; கற்பித்த எம்முடையது.

அத்தேவாங்கே ஒரு பெரும் பாடமாகும். இலங்கையில் இருவகைத் தேவாங்குகள் உள்ளன. செந்நிறமுடைய சிறியது தென்மேற்கின் ஈரவலயத்துக்கே உரியது. உலகில் வேறெங்கும் இல்லை. சாம்பல் நிறமுடையது நம் உலர்வலயத்திலும் வாழ்கிறது, தென்னிந்தியாவிலும் வாழ்கிறது. ஏன் இவ்வேறுபாடு? சுமார் இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன், உறைபனிக் காலத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றுள்ளதினும் ஏறத்தாழ 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. ஆழங்குறைந்த பாக்குநீரிணை அன்று வெறுந்தரை. உலர்நிலத்து உயிர்கள் அத்தரைவழியே இருபுறமும் வந்துபோயின. மழைக்காட்டு உயிர்களுக்கோ அவ்வழி உதவவில்லை. உலர்ந்த சமவெளி அவற்றுக்குக் கடலினும் பெருந்தடையாக நின்றது. ஆதலின் அவை தென்மேற்கு மூலையில் அடைபட்டு, நெடுங்காலம் தனித்து வளர்ந்து, தனியினங்களாயின. வல்வெட்டித்துறைக் கரையில் நின்று வடக்கே நோக்கும் மாணவன், தன் முன்னே விரிந்த நீரின் அடியில் ஒரு பழைய பாதை கிடக்கிறது என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

விதி என்றால் விலக்கும் உண்டு. நமது காட்டுக்கோழி உலர்வலயக் காட்டிலும் தாராளமாகத் திரிவது. எனினும் இத்தீவுக்கே உரியது. சேவலின் செங்கொண்டையின் நடுவே மஞ்சட்டிட்டு ஒன்று உண்டு. தென்னிந்தியச் சாம்பற் காட்டுக்கோழிக்கு அஃது இல்லை. இவ்வொரு குறிப்பை அறிந்தவன் கூட்டின் முன் ஐந்து நிமிடம் கூடுதலாக நிற்பான்.

இனிச் சிறுத்தை. இதனை இலங்கைக்குரிய தனி உள்ளினமாக 1956இல் விவரித்தவர் நூதனசாலைத் தலைவராயிருந்த தெரணியகல ஆவர். இத்தீவின் காடுகளிற் புலியும் இல்லை, சிங்கமும் இல்லை. குருவிட்டைப் பகுதியிற் கிடைத்த சிங்கப் பல்லை அவ்வறிஞரே 1939இல் விவரித்துள்ளார். ஆனால் அது பழங்கதை. இன்று சிறுத்தைக்கு மேலான வேட்டை விலங்கு இங்கில்லை. அதனால் அது பிறநாட்டுச் சிறுத்தைபோல், தன்னிலும் வலியவற்றுக்கு அஞ்சி இரையை மரத்தில் ஏற்றி மறைக்கும் தேவை பெரிதும் இல்லாதது.

யானையின் முன் வந்ததும் நமது வரலாறும் உடன் வந்து நிற்கிறது. ஒல்லாந்தர் காலத்தில் வன்னியிற் பிடிபட்ட யானைகள் ஆனையிறவு வழியே குடாநாட்டுட் கொண்டுவரப்பட்டு, இந்திய வணிகருக்கு விற்கப்பட்டு, மரக்கலமேறின. வன்னியர் செலுத்திய திறையும் யானைகளே. ஊர்காவற்றுறையின் மறுபெயராகிய ‘கயிற்ஸ்’, இறங்குதுறை எனப் பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லின் வழிவந்தது. தெகிவளையின் தொடக்கமும் இதனின் மிக வேறானதன்று. யோன் ஆகென்பெக் என்னும் ஜெர்மானிய விலங்கு வணிகர், ஐரோப்பாவுக்கு அனுப்பும் விலங்குகளைக் கப்பலேறுமட்டும் அடைத்துவைக்க அமைத்த இடமே அது. அவரது நிறுவனம் கலைக்கப்பட, 1936இல் அரசாங்கம் அதனை ஏற்றது. விற்பதற்காக அடைத்த இடம் காட்டுவதற்காக அடைக்கும் இடமாயிற்று. அநாதை யானைக்குட்டிகளைப் பேண 1975இற் பின்னவலையில் ஓர் இல்லம் தோன்றியது. அது 1978இல் மிருகக்காட்சிச்சாலைத் திணைக்களத்தின் பொறுப்புக்கு வந்தது. கூண்டு முறையிற் குறை காண்போர் உளர். யானும் அவருள் ஒருவனே. ஆயினும், காணாத ஒன்றைக் காக்க எவன் முன்வருவான் என்ற வினாவுக்கு எனக்கு இன்னும் விடை கிடைத்திலது.

விலங்கைக் கண்டோர் மறுநாட் கண்டிக்குச் சென்று தாவரத்தையும் காண்டல் நன்று. மகாவலி மூன்று பக்கமும் வளைந்தோடும் 147 ஏக்கர் நிலப்பரப்பிற் பேராதனைத் தோட்டம் 1821இல் அலெக்சாந்தர் மூனால் நிறுவப்பட்டது. அங்கும் கூட்டம் கூடுவது சீசெல்சுத் தீவின் இரட்டைத் தேங்காயின் கீழேதான். நம் மாணவர் தேடவேண்டியது தாளிப்பனையை. பல பத்தாண்டுகள் வளர்ந்து, ஒரே முறை உச்சியிற் பெரும் பூங்கொத்து விரித்து, காய்த்தபின் மடிவது அது. தெற்கிலே ஏடெழுதியது தாளியோலையில்; நம் முன்னோர் எழுதியது பனையோலையில். அங்கே பனைகளையும் சாலையோரத்தில் அணிவகுத்து வைத்துள்ளனர். வேலியோரத்தில் நாம் ஏறெடுத்தும் பாராத மரத்தைப் பிறர் படம் பிடிப்பது கண்டு நம் பிள்ளைகள் சிரிப்பதுண்டு. நம் பாலை, வீரை, முதிரைகளை அவற்றுக்கு இயைந்த வெப்பநிலத்திற் காண விழைவோர்க்கு, அம்பாந்தோட்டையின் மிரிஜ்ஜவிலையில் 2013இல் உலர்வலயத் தாவரத் தோட்டம் ஒன்று திறக்கப்பட்டது.

இவ்விரு தோட்டங்களிலும் காணவியலாத ஒன்று நம் கடலில் உண்டு. ஆவுளியா எனப்படும் கடற்பசு கடற்புல்லை மேய்ந்து, காற்றை உயிர்த்து, குட்டிக்குப் பாலூட்டும் விலங்கு. இறைச்சிக்காக வேட்டையாடப்பட்டும் வலையிற் சிக்கியும் அருகிவிட்டது. பாக்குநீரிணையின் மறுகரையில், 2022இல், 448 சதுரக் கிலோமீற்றர் கடற்பரப்பைத் தமிழ்நாட்டரசு அதற்கெனக் காப்பிடமாக்கியது. நம் கரையில் அதனைக் கண்ணாற் கண்ட முதியோர் இன்னும் இருக்கின்றனர். சுற்றுலா முடிந்து திரும்பும் மாணவர், தேவாங்கையும் சிறுத்தையையும் குறித்த அதே ஏட்டில் ஒரு பக்கம் விட்டுவைத்து, அம்முதியோரிடம் சென்று, எந்த ஆண்டில், எத்தனை பாக ஆழத்தில், எவ்விடத்தில் அதனைக் கண்டனர் என்று கேட்டு எழுதிக் கொள்வாராக.